கவர்னருக்கு வயிறு சரியில்லை

விஷம் வைத்தவனைப் பிடித்தாயிற்று, நிரூபித்துக் கொடுத்தால் மட்டும் போதும் என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்களை அக்காவுக்கு அறவே பிடிக்காது. ஆக்கி இறக்கிய பிறகு, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் ஆள் தேடுகிற கூட்டம் அது. ஆனாலும் வந்திருந்தாள். கையில் வேறு வேலை இல்லை. வீட்டில் இருந்தால் மாப்பிள்ளை தான் அடுத்துத் தொடங்கப் போகும் தொழிலைப் பற்றிப் பேசியே கொன்றுவிடுவார்.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். உயிரோடு இருக்கிறவர்களைக் காகிதத்தில் சாகடித்து மனுப் போடும் குடும்பங்களின் புளுகைக் கிண்டிக் கிண்டியே தலை நரைத்துப் போனது. அதற்குப் பிறகு சொந்தமாகத் துப்பறிகிறாள். மாப்பிள்ளை அவளுடைய தங்கை கணவர். தொட்ட தொழிலையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, இப்போது உதவியாளர் என்ற பெயரில் காரில் கூடவே வருகிறார். தங்கை கணவர் என்பதால் வாங்க, போங்க தப்பாது. மரியாதை வாயோடு சரி.

வீட்டு வாசலில் ஒரு பாய்ச் சுருள், நாலைந்து பாத்திரங்கள், ஒரு துணி மூட்டை எல்லாம் வெயிலில் கிடந்தன. மூட்டையின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாயைப் பழக்குகிறவன் என்பதால் அவனை வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். கார் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் புருஷனும் பெண்டாட்டியும் குடியிருந்திருக்கிறார்கள். இன்று காலை முதலாளி சாமான்களை வெளியே எறியச் சொல்லிவிட்டார். சாயங்காலம் போலீஸ் வரும்.

உள்ளே கூடத்துச் சுவர் முழுக்க ஒரே ஒரு படம். பொன்னிறத்தில் ஒரு பெரிய நாய், பளபளக்கும் கிண்ணத்தின் முன்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. கீழே, 'எங்கள் கவர்னர் சாப்பிடுவது இது மட்டும்தான்' என்று எழுதியிருந்தது. முதலாளி நாய்த் தீவனம் தயாரிக்கிறவர். கடைக்குக் கடை தொங்கும் பாக்கெட்டில் இருப்பது இந்த நாயின் முகம்தான்.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் படத்துக்கு நேர் கீழே, பளிங்குத் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். வயிறு ஏறி ஏறி இறங்கியது. டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து நாயின் உதட்டைத் தூக்கி ஈறை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாயைவிட முதலாளியைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ராத்திரி முழுக்க வாந்தியும் பேதியுமாக இருந்த நாய்க்கு, முதலாளி தன்னுடைய வயிற்றெரிச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுத்து, அதற்கு மேல் ஒரு டம்ளர் பாலையும் ஊற்றியிருந்தார். பெற்ற பிள்ளைக்குச் செய்வதைத்தானே செய்தேன் என்றார்.

"பிள்ளையா இருந்தா வாய்விட்டுத் திட்டியிருக்கும்" என்றார் டாக்டர். "மனுஷங்க மாத்திரையை இனிமே கையால தொடாதீங்க. பால் கூடவே கூடாது. இன்னிக்குப் பூரா பட்டினி போடுங்க. தண்ணி மட்டும், ஒரேயடியா இல்லாம அப்பப்போ கொஞ்சம். வாந்தி நின்னதுக்கு அப்புறம் குழைய வெந்த சோறு, தோல் உரிச்சு வேகவச்ச கோழி, உப்புகூடப் போடாம ஒரு கைப்பிடி. அது தங்கினா இன்னொரு கைப்பிடி. ரத்தம் தெரிஞ்சாலோ, கூப்பிட்டா தலையைத் தூக்கலைன்னாலோ என்னை எதிர்பார்க்காம தூக்கிட்டு வந்துடுங்க."

பிழைத்துக்கொள்ளுமா என்று அக்கா கேட்டாள். பிழைத்துக்கொள்ளும், ஈறு நல்ல நிறமாக இருக்கிறது, ஒரு ஊசியும் கொஞ்சம் சலைனும் போதும் என்று சொல்லிவிட்டு, அவற்றை எடுத்துவரத் தன் கிளினிக்குக்குக் கிளம்பினார் டாக்டர். கிளம்புமுன், விஷமா என்று கேட்டதற்கு மட்டும் அவர் உதட்டைப் பிதுக்கினார். வாந்தியில் ஒரு துளி இருந்தாலும் பார்த்துச் சொல்லியிருப்பாராம். அவர் வருவதற்கு முன்பே தரையை ஃபினாயில் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டார்கள்.

"கழுவச் சொன்னது யார்?" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றார் முதலாளி. "நாத்தம் தாங்கலை."

மாப்பிள்ளை தாடையைச் சொறிந்துகொண்டார். "அக்கா, விஷம் வச்சுட்டாங்கன்னு கத்துறவர் முதல் வேலையா விஷத்தைக் கழுவி விட்டிருக்கார். சுத்தக்காரர்தான்."

முதலாளி இதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருந்தது. நாளைக்குப் புது விளம்பரப் படப்பிடிப்பு. அதைக் கெடுக்க எதிர்க் கம்பெனிக்காரன் வாத்தியாரை விலைக்கு வாங்கிவிட்டான். நேற்று மத்தியானம் வாத்தியார் ஒரு கறுப்புப் பாலிதீன் பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்ததை வாட்ச்மேனே பார்த்திருக்கிறார். எங்கே போனாய் என்று கேட்டால், அறையை விட்டு நகரவே இல்லை என்று சாதிக்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? துப்பறிகிறவர் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போலீஸ் மேற்கொண்டு பார்த்துக்கொள்ளும். பேசும்போது அவர் கை நாயைத் தடவிக்கொண்டே இருந்தது. அதில் மட்டும் நடிப்பு இருந்ததாக அக்காவுக்குத் தோன்றவில்லை. நாயிடம் அன்பாக இருந்துவிட்டால் மனிதர்களிடம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைக்கிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்து வாத்தியாரிடம் பேசினாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வாயிலிருந்து ஒரு உண்மை உதிரவில்லை. வெளியே போகவே இல்லை என்றான். பை எதுவும் கொண்டுவரவில்லை என்றான். மூட்டையின் மேல் இருந்த பெண்டாட்டி அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

"கவர்னர் தினமும் என்ன சாப்பிடும்?" என்று அக்கா கேட்டாள்.

"நம்ம தீவனம் மட்டும்தாங்க. வேற எதையும் முகர்ந்துகூடப் பார்க்காது."

"சுவர்ல இருக்கிறதை அப்படியே படிக்கிறீங்களே வாத்தியாரே" என்றார் மாப்பிள்ளை. "கடைசியில, எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்னு சேர்த்துக்குங்க."

வாத்தியார் சிரிக்கவில்லை. ஜெயிலுக்குப் போகப் போகிறவன், தன்னைத் தள்ளிவிடுகிறவனுடைய விளம்பரத்தை ஒப்பித்துக்கொண்டு நிற்கிறானே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட விசுவாசத்தைக் கண்டால் அவளுக்கு இரக்கம் வருவதில்லை, எரிச்சல்தான் வரும். சமையலறைக்கு நடந்தாள்.

அங்கே தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. தொட்டிக்குக் கீழே விளிம்பு நசுங்கிய ஒரு எனாமல் தட்டு இருந்தது. நாய்ப் பல் பட்டுப் பட்டு அதன் ஓரமெல்லாம் பூச்சு உதிர்ந்திருந்தது. ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா நிறைய வேகவைத்த கோழி, உப்பு காரம் எதுவும் இல்லாமல் வெளுப்பாக இருந்தது. குப்பைக்கூடையின் அடியில் கறுப்புப் பாலிதீன் பை கசங்கிக் கிடந்தது. அக்கா அதை எடுத்து மாப்பிள்ளையின் மூக்கருகே நீட்டினாள். கறிக்கடை வாடை குப்பென்று அடித்தது.

மாப்பிள்ளை அலமாரி, பரண், கதவிடுக்கு ஒன்று விடாமல் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார். சமையலறையில் நாய்த் தீவனம் ஒரு மணிகூட இல்லை.

"தையல்காரர் வீட்டுல ஊசி இல்லாத கதையா இருக்கே அக்கா. இந்த நாய் தினமும் தின்னுறது கோழி. சோறும் கோழியும். வாத்தியார் பையை மறைச்சுக் கொண்டு வந்தது அதுக்குத்தான். நாயும் சரி, அவனும் சரி, நல்லாத்தான் நடிக்கிறாங்க."

"அதை வெளியே சொன்னா இவன் தப்பிச்சுடுவான். ஆனா வீட்டு ரகசியம் போயிடும். அதனாலதான் வாயைத் திறக்கலை. அந்தப் பையில என்ன இருந்ததுன்னு முதலாளிக்கும் தெரியும். தெரிஞ்சேதான் அதைச் சாட்சின்னு காட்டுறார்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் ஏறவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு அந்தக் குரல் பழக்கம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஜோக் அடிக்காமல் இருந்தார்.

அவள் பார்வை பாத்திரம் கவிழ்க்கும் மேடைக்குப் போனது. அங்கே ஒரு வெள்ளைத் துணியை நான்காக மடித்து விரித்து, அதன் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தார்கள். அக்கா அதைத் திருப்பினாள். வெளிப்பக்கம் கவர்னரின் முகம் பொறித்திருந்தது. சுவர்ப் படத்தில் நாயின் முன்னால் இருக்கும் அதே கிண்ணம். உள்ளே ஒரு கீறல் இல்லை.

கிண்ணத்தோடு கூடத்துக்குப் போய் ஷோகேஸைப் பார்த்தாள். கோப்பைகளுக்கும் பாராட்டுப் பட்டயங்களுக்கும் நடுவில், தூசியில் வட்டமாக ஒரு சுத்தமான இடம் இருந்தது. ஷோகேஸுக்குப் பக்கத்தில், வருகிற விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்காகத் தீவனப் பாக்கெட்டுகளைக் கோபுரமாக அடுக்கி ரிப்பன் கட்டியிருந்தார்கள். கோபுரத்தின் உச்சியைக் காணோம்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு நாய்க்கு விஷம் வைக்கிறதா இருந்தா எதுல வைப்பீங்க?"

"பேப்பர்ல. இல்லைன்னா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கிப் போட்டுட்டு ஓடிடுவேன்."

"ஷோகேஸைத் திறந்து, இருக்கிறதுலயே அழகான கிண்ணமா எடுத்து, அதுல போட்டுக் கொடுத்து, அப்புறம் கழுவித் துடைச்சுத் துணி விரிச்சுக் கவுத்து வைப்பீங்களா?"

மாப்பிள்ளை யோசித்தார். "மாமனார் வீட்டுக்குப் போனப்போ எனக்கு அப்படித்தான் பரிமாறினாங்க."

அக்கா முதல் தடவையாக அவரைக் கொஞ்சம் மதிப்போடு பார்த்தாள். ஆள் தன்னை அறியாமல் சில சமயம் சரியாகச் சொல்லிவிடுவார். இது விஷம் வைத்த கை இல்லை, ஆசையாகப் பரிமாறிய கை. வாத்தியாருக்கு அந்தக் கிண்ணம் படம் எடுப்பதற்கு மட்டும் என்று தெரியும், தொடவே மாட்டான். கிண்ணத்தை எடுத்தவருக்கு அது தெரியாது. நாய் எதைத் தின்னும் என்றும் தெரியாது. சுவரில் எழுதியிருப்பதை நம்புகிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான் இருக்க முடியும், அதுவும் வீட்டுக்குப் புதிதாக வந்தவராக இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மருமகள் டீ கொண்டு வந்தாள். கல்யாணமாகி வந்து சில மாதம்தான் ஆகிறது. புருஷன் வியாபாரமாக வெளியூர் போயிருந்தான். வாத்தியாரின் பெண்டாட்டிக்கும் ஒரு டம்ளர் வெளியே கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்பதைத் தட்டில் இருந்த காலி இடத்தையும் வாசலில் அவள் கையில் இருந்த டம்ளரையும் பார்த்து அக்கா புரிந்துகொண்டாள். நாய்க்கு நேற்று மத்தியானம் சாப்பாடு போட்டது நீயா என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஆமாங்க. வாத்தியாரைக் காணோம், பாவம் அது வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது. நம்ம தீவனம்தானேன்னு எடுத்துப் போட்டேன். முதல்ல சாப்பிடவே மாட்டேன்னு முகத்தைத் திருப்பிக்கிச்சு. வழக்கமா சாப்பிடுறதுதானே, நான் போட்டதாலதான் கோபமோன்னு நினைச்சு, மேல கொஞ்சம் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அப்புறம் சாப்பிட்டுச்சு." ஒரு கணம் நிறுத்தினாள். "ஏன், விஷம் அதுக்கப்புறம்தானே வச்சிருப்பாங்க?"

ஒரு பெண்ணுக்கு மாமனாரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நாய்க்குத் தீவனம் போடாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நாய்த் தீவனம் விற்கிற வீட்டில் அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

முதலாளி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் வியாபாரி வியாபாரிதான், உடனே சுதாரித்துக்கொண்டார். தீவனத்தால் இப்படி ஆகவே ஆகாது, அரசாங்க முத்திரையோடு வருகிற சரக்கு, லட்சக்கணக்கான நாய்கள் சாப்பிடுகின்றன, மருமகளுக்கு ஒன்றும் தெரியாது, வாத்தியார்தான் அதில் எதையோ கலந்திருக்கிறான் என்று அடுக்கினார்.

"அப்படியா" என்றாள் அக்கா.

கோபுரத்திலிருந்து ஒரு பாக்கெட்டை உருவினாள். ரிப்பன் அவிழ்ந்து மீதி பாக்கெட்டுகள் சரிந்தன. வாயால் கிழித்து, கிண்ணம் நிறையக் கொட்டி, கவர்னரின் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள். நாய் கண்ணை மூடிக்கொண்டது. மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அவர் குனிந்து நாயின் தலையை மெல்லத் தூக்கி, செல்லம், ஒரு வாய் என்று கொஞ்ச ஆரம்பித்தார்.

முதலாளியின் செருப்புக் கால் கிண்ணத்தை உதைத்தது. தீவனம் கூடம் முழுக்கச் சிதறியது.

"அதை அவனுக்குக் குடுக்காதீங்க" என்றார். "செத்துப் போயிடுவான்."

வாசலில் வாத்தியாரும் அவன் பெண்டாட்டியும் வந்து நின்றிருந்தார்கள். ஊசியோடு திரும்பிய டாக்டர் அவர்களுக்குப் பின்னால் நின்றார். சொன்னதை எல்லோரும் கேட்டாயிற்று என்று முதலாளிக்குத் தெரிந்தது.

டாக்டர் தரையிலிருந்து இரண்டு மணிகளை எடுத்து உடைத்து முகர்ந்தார். பூஞ்சை என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கேட்காமலே முதலாளி வாயிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்து மக்காச்சோளம் நனைந்துவிட்டது. கொட்டிவிடலாம் என்று தொழிற்சாலையில் சொன்னார்களாம். காயவைத்து அரைத்தால் யாருக்குத் தெரியும் என்று இவர் சொல்லிவிட்டார். ராத்திரி வாந்தியில் கிடந்த பழுப்பு மணிகளைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் அவ்வளவு அவசரமாகக் கழுவச் சொன்னார்.

"அந்தச் சரக்கு முக்கால்வாசி வித்துடுச்சு" என்றார், ஆறுதல் சொல்கிற மாதிரி. "இன்னும் கொஞ்ச நாள்ல புதுச் சரக்கு வந்துடும். நீங்க விஷம்னே எழுதிக் கொடுங்க. இவனை உள்ளே எல்லாம் போட வேண்டாம், வேற எங்கேயாவது வேலைக்குச் சொல்லிவிடுறேன். என்ன வாத்தியாரே?"

கேவலம் என்னவென்றால், வாத்தியார் தலையாட்டத் தொடங்கினான். அவன் பெண்டாட்டி அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்த பிறகுதான் நிறுத்தினான். அக்காவுக்கு அந்த இரண்டு ஆண்களையும் சேர்த்து அறைய வேண்டும் போல இருந்தது. தான் ஒன்றும் எழுதுவதாக இல்லை என்றும், போலீஸ் வந்தால் தீவனப் பாக்கெட்டையும் டாக்டரையும் முன்னால் நிறுத்தப் போவதாகவும் சொன்னாள். உங்கள் பேச்சை எவன் கேட்பான், இந்த வீட்டில் நடந்ததற்கு வீட்டு ஆள் யார் சாட்சி சொல்லப் போகிறார்கள் என்று முதலாளி கேட்டார்.

"நான் சொல்லுவேன் மாமா" என்றாள் மருமகள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றாள். "கவர்னருக்குச் சாப்பாடு போட்டது நான். எந்தப் பாக்கெட்டுன்னும் சொல்லுவேன். வாத்தியார் பேரை இதுல இழுக்கக் கூடாது. நீங்க சாமானை எடுத்துக்கிட்டு உள்ளே போங்க வாத்தியாரே."

குடும்ப மானம் என்று முதலாளி ஏதோ ஆரம்பித்தார். அவள் அதைக் கேட்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று முகம் மாறி அவரைப் பார்த்தாள்.

"மாமா, எங்க வீட்டு நாய்க்குன்னு அப்பாவுக்கு மூட்டை மூட்டையா அனுப்பினீங்களே. அதுவும் இந்தச் சரக்குதானா?"

முதலாளி நாயின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருமகள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். விரல் பதறியதில் ஒலிபெருக்கியும் சேர்ந்து திறந்துகொண்டது. மறுமுனையில் உற்சாகமான ஒரு கிழக்குரல் முதலில் சம்பந்தியின் உடம்பைத்தான் விசாரித்தது. நம்ம நாய் எப்படி இருக்குப்பா என்று அவள் கேட்டாள்.

"அது போய் பத்து நாள் ஆச்சும்மா. வாந்தி, பேதி. வேற எதையும் கொடுக்கலை, சம்பந்தி அனுப்பினதை மட்டும்தான் போட்டுக்கிட்டு இருந்தோம். ஆசையா அனுப்பினவர், சொன்னா குறை சொன்ன மாதிரி ஆயிடும்னுதான் உன்கிட்டகூடச் சொல்லலை. நீயும் அவர்கிட்டச் சொல்லிடாதே, மனசு கஷ்டப்படுவார்." பிறகு ஞாபகம் வந்தாற்போல் கேட்டார். "சம்பந்தி பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்ப்பா. பேசுங்க" என்று சொல்லி, மருமகள் போனை மாமனாரின் முன்னால் நீட்டினாள்.